சர்க்கரை உள்ள அம்மாவுக்கு மஞ்சள் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய், அமுக்கரா, பயோட்டின்: எது தேவை, எது வேண்டாம்?

நீங்கள் கேட்டது இது: அம்மாவுக்கு 58 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். ஆறு மாதமாகப் பாதம் மரத்துப்போகிறது, முடியும் கொட்டுகிறது. ரத்தப் பரிசோதனையில் பி12 168, வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மஞ்சள் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய், அமுக்கரா (அஸ்வகந்தா), முடிக்கான வைட்டமின் பயோட்டின் என்று நான்கு டப்பா வாங்கி அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சி இருக்கிறது, எல்லாம் இயற்கைதான், சேர்த்தே சாப்பிடச் சொல்லலாமா என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் தெரிகிற இரண்டு குறைகளை எப்படிச் சரிசெய்வது என்பது முதல் கேள்வி. அதற்கு உறுதியான பதில் உண்டு. அந்த நான்கு டப்பாக்கள் அம்மாவுக்கு ஏதாவது செய்யுமா என்பது இரண்டாவது. அதில் உறுதி குறைவு, கவனிக்க வேண்டியது அதிகம். மருந்தியல் படித்து, நோயாளிகளின் மருந்துப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். அம்மாவை நான் பார்க்கவில்லை, சிறுநீரகம், ஈரல் பரிசோதனை முடிவுகளையும் நீங்கள் தரவில்லை. ஆகவே கீழே வரும் அளவுகளை மருத்துவரிடம் பேசப் பயன்படுத்துங்கள், நேராக மருந்துக்கடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

முதலில் ‘ஆராய்ச்சி இருக்கிறது’ என்பதைப் பார்ப்போம். சத்து மருந்து உயிரைக் காப்பாற்றியதற்கு நம்மூரிலேயே சான்று உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியானது. வாரம் ஒருமுறை சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடம் இறப்பு 54 சதவீதம் குறைந்தது. அந்தக் குழந்தைகளிடம் வைட்டமின் ஏ குறை பரவலாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது. இதற்கு நேர் எதிரான கதை பின்லாந்தில் நடந்தது. உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கறிகளைச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருந்தன. அதை நம்பி, புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மி.கி. பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. இதேபோன்ற அமெரிக்க ஆய்வு ஒன்றும் அதே ஆபத்து தெரிந்ததால் 1996-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. காய்கறி நிறையச் சாப்பிடுபவர் குறைவாகப் புகைப்பார், அதிகம் நடப்பார், மருத்துவரையும் நேரத்தோடு பார்ப்பார். அந்த நன்மை எல்லாவற்றையும் ஒரே ஒரு மூலக்கூறின் கணக்கில் எழுதிவிட்டதால் வந்த பிழை இது. எனவே ஓர் ஆய்வைக் காட்டினால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: மனிதர்களிடம் நடந்ததா, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட இன்னொரு குழு இருந்ததா, அதில் இருந்தவர்கள் அம்மாவைப் போன்றவர்களா.

இனி பி12. 168 என்பது பைக்கோகிராம் கணக்கில் என்றால், வழக்கமான எல்லையான 200-க்கும் கீழே. இது உண்மையான குறை, இதற்கு முதலில் கவனம் தேவை. மெட்ஃபார்மின் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உள்ளே போவதைக் குறைக்கிறது. அளவும் வருடமும் கூடக் கூட இது அதிகமாகும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். கூடவே ‘கேஸ் மாத்திரை’ என்று பான்டாப்பிரசோல், ஒமிப்பிரசோல் வருடக்கணக்கில் சாப்பிட்டாலும் பி12 குறையும். அம்மா அதையும் சாப்பிடுகிறாரா, சைவமா என்று நீங்கள் எழுதவில்லை, இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அதைத் தொடர்ந்துகொண்டே பி12-ஐ ஈடுகட்ட முடியும். பாதம் மரத்துப்போவதற்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், பி12 குறையும் காரணமாக இருக்கலாம், பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அறிகுறியை வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடவும் முடியாது, ரத்தசோகை வராமலே நரம்பு கெடலாம். நரம்பில் அறிகுறி இருப்பதால் பெரும்பாலான மருத்துவர்கள் முதல் சில வாரங்களுக்கு 1,000 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டு, பிறகு மாத்திரைக்கு மாற்றுவார்கள். மாத்திரையில் 1,000, 1,500 என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு வேளை மாத்திரையிலிருந்து வயிற்றின் தனிப் புரதம் பிடித்துக் கொண்டுபோவது 2 மைக்ரோகிராம் அளவுதான். மீதியில் சுமார் 1 சதவீதம் தானாகவே கசிந்து சேரும். அந்த ஒரு சதவீதத்துக்காகத்தான் அவ்வளவு பெரிய அளவு. பலன் தெரிய மாதங்கள் ஆகும், நாள்பட்ட மரப்பு முழுவதும் திரும்பாமலும் போகலாம். பி12-ஐச் சரிசெய்யாமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுப்பது தவறு: ரத்தசோகை மறைந்து, நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும்.

இங்கே மருந்துக்கடையில் ஒரு பொறி இருக்கிறது. ‘நரம்பு வைட்டமின்’ என்று கேட்டால் பி12-உடன் ஆறேழு பொருள் கலந்த மாத்திரையைக் கொடுப்பார்கள். அட்டையைத் திருப்பிப் பைரிடாக்சின், அதாவது பி6, எத்தனை மி.கி. என்று பாருங்கள். பி6 அளவுக்கு மீறி மாதக்கணக்கில் போனால் அதுவே பாதத்தையும் விரலையும் மரக்கவைக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் பெரியவர்களுக்கான மேல் வரம்பை ஒரு நாளைக்கு 12 மி.கி. என்று குறைத்தது, அமெரிக்காவின் வரம்பு இன்னும் 100 மி.கி. நரம்புக்கு ஒரு மாத்திரை, அதற்கு மேல் ஒரு மல்டிவைட்டமின், அதற்கு மேல் ஒரு பி-காம்ப்ளெக்ஸ் என்று மூன்றிலும் பி6 சேர்ந்துகொண்டே போவது அடிக்கடி நடக்கிறது. மரப்பு குறையவில்லையே என்று மாத்திரையைக் கூட்டுவார்கள், மரப்பும் கூடும். அம்மாவுக்குத் தேவை பி12 மட்டும் என்றால் பி12 மட்டும் உள்ள மாத்திரையையே கேட்டு வாங்குங்கள்.

வைட்டமின் டி 14 நானோகிராம் என்பதும் குறைதான். 20-க்குக் கீழே குறை என்று வைத்துக்கொள்வது வழக்கம். நம்மூரில் 60,000 யூனிட் மாத்திரை அல்லது சாஷே வாரம் ஒன்று, 8 வாரம், அதன்பின் மாதம் ஒன்றோ தினம் 1,000 முதல் 2,000 யூனிட்டோ என்று எழுதுவார்கள். கொழுப்பில் கரைவது என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம், எண்ணெயோ பாலோ இருக்கிற சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொள்வது. மற்ற மாத்திரைகளோடு அதே டப்பியில் கிடப்பதால் கை தானாக எடுத்துவிடும். சில வாரங்களிலேயே ரத்தத்தில் கால்சியம் ஏறி, பசி போய், வாந்தி, கடும் மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பேச்சில் குழப்பம் என்று வந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கொழுப்பில் சேர்ந்திருப்பதால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் இறங்காது. சர்க்கரை உள்ளவருக்குத் தாகமும் சிறுநீரும் சர்க்கரையால்தான் என்று நினைத்து இதைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமையை முடிவுசெய்து, நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒருமுறை அளவைப் பாருங்கள், மாதாமாதம் பார்ப்பது வீண் செலவு. ‘ஒரே ஊசியில் 6 லட்சம் யூனிட், வேலை முடிந்தது’ என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களிடம் வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்ததில், விழுவதும் எலும்பு முறிவும் குறைவதற்குப் பதிலாகக் கூடின. 2010-இல் வந்த முடிவு இது.

குறையைச் சரிசெய்தபின் இன்னும் ஏற்றினால் இன்னும் நல்லது என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் தினம் 2,000 யூனிட் வீதம் ஐந்து வருடம் கொடுத்த ஆய்வில் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை, பிறகு ஆராய்ந்ததில் எலும்பு முறிவும் குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குக் குறையே கிடையாது. திருச்சிக் குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மஞ்சளுக்கு வருகிறேன், ஏனென்றால் நான்கிலும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது அதுதான். மஞ்சளின் முக்கிய வேதிப்பொருளான குர்குமின், மஞ்சள்தூளில் சுமார் 3 சதவீதம். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்றால் அதில் 90 மி.கி. இருக்கும். ‘500 மி.கி., 95 சதவீதம் குர்குமினாய்டு’ என்று எழுதிய ஒரு கேப்ஸ்யூலில் 475 மி.கி. அதாவது ஒரு கேப்ஸ்யூல் கிட்டத்தட்ட 16 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். ஒரு குடும்பம் ஒரு நாள் சமையலில் அவ்வளவு போடாது. உணவு நிறமியாகக் குர்குமினுக்கு உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட தினசரி அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி.; 60 கிலோ உள்ளவருக்கு 180 மி.கி. அதைத் தாண்டியதும் விஷமாகிவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் ‘பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோம்’ என்ற அனுபவம் இந்த அளவுக்குச் செல்லாது.

அடுத்து, குர்குமின் குடலில் சரியாக ஏறாது. ஏறிய கொஞ்சத்தையும் ஈரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். அதனால் மிளகிலுள்ள பைப்பரின் சேர்க்கிறார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு 2,000 சதவீதம் கூடியது. டப்பாக்களில் பெரிய எழுத்தில் வருகிற எண் இதுதான். மிகச் சிறிய அளவிலிருந்து அத்தனை மடங்கு என்பதையும், ஆய்வில் இருந்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான் என்பதையும் டப்பா சொல்லாது. பைப்பரின் ஈரலின் கழிவகற்றும் வேலையைத் தடுத்தே இதைச் செய்கிறது. குர்குமினுக்கு மட்டும் என்று அது பார்த்துத் தடுக்காது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் போன்றவற்றின் அளவும் ரத்தத்தில் ஏறுகிறது.

பலன் உண்டா? மூட்டுவலிக்கு ஓரளவு உண்டு என்று நினைக்க இடமிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் முழங்கால் தேய்மானமும் வீக்கமும் உள்ள 70 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2020-இல் வந்தது. வெற்று மாத்திரையைவிட மஞ்சள் சாறில் வலி குறைந்தது. ஸ்கேனில் மூட்டின் வீக்கம் குறையவில்லை. சிறிய ஆய்வு, சிறிய பலன், ஆனால் நேர்மையாகச் செய்யப்பட்டது. சர்க்கரை, புற்றுநோய், மறதி நோய் என்று பேசுவதெல்லாம் பெரும்பாலும் சோதனைக் குழாயிலும் எலியிலும் நடந்தவை. குர்குமின் ஆய்வகப் பரிசோதனைகளில் எதோடும் ஒட்டிக்கொண்டு, வேலை செய்வதுபோலத் தோற்றம் காட்டும் பொருள் என்று மருந்து வேதியியலாளர்கள் 2017-இல் விரிவாகவே எழுதினார்கள். தீங்கின் பக்கம், அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைக் கண்காணிக்கும் குழு மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் பதிவு செய்தது. அதில் 7 பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. ஆக, இது எல்லோருக்கும் வராது, யாருக்கு வரும் என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழக்கமான பரிசோதனையும் கிடையாது. அம்மாவுக்கு மூட்டுவலி என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படியென்றால் இந்த டப்பாவுக்கு வேலை இல்லை. சாம்பாரிலும் பாலிலும் போடும் மஞ்சளை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை.

அமுக்கராவுக்கு மன அழுத்தம், தூக்கம் இரண்டிலும் ஓரளவு நல்ல முடிவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் 60, 70 பேர், எட்டு வாரம், வேர்ச்சாறு 300 மி.கி. இரு வேளை என்ற அளவில் நடந்தவை. பலவற்றில் சாற்றைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கும் ஆய்வுக்கும் தொடர்பு உண்டு. பொய் என்று ஒதுக்கவும் முடியாது, முடிந்த முடிவு என்று கொள்ளவும் முடியாது. தைராய்டு ஹார்மோனை அது ஏற்றக்கூடும், ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-இல் அதைத் தடைசெய்தது. உங்கள் அம்மா விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது, அது சர்க்கரையையும் சற்று இறக்கக்கூடும் என்பதுதான். கிளிமெபிரைடு என்பது, அம்மா உணவு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைத் தள்ளிக்கொண்டே இருக்கும் மாத்திரை. அதன்மேல் இன்னொன்று சேர்ந்தால் இரவில் தாழ்சர்க்கரை வரலாம். சிறுகுறிஞ்சான், வெந்தயப்பொடி, பாகற்காய்ச் சாறு எதைப் புதிதாகச் சேர்த்தாலும் இதே எச்சரிக்கை. வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சிறுகுறிஞ்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 22 சர்க்கரை நோயாளிகளுக்கு அதன் இலைச்சாறு தினம் 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது; 5 பேர் மற்ற மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் சாறோடு மட்டும் இருந்தார்கள் என்று 1990-இல் வெளியானது. மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீட்டுக் குழுவோ வெற்று மாத்திரையோ அதில் இல்லை. அடிக்கடி பரிசோதனைக்கு வருபவர் உணவிலும் கவனமாகிவிடுவார், அந்த இறக்கத்தில் சாறின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதைப் பெரிய அளவில் சரியாகச் செய்து பார்க்காமல் விட்டது நம் பக்கத்துக் குறை என்றே நினைக்கிறேன். நல்ல மூலிகை ஒன்று 30 வருடங்களுக்கு மேலாக ‘இருக்கலாம்’ என்ற இடத்திலேயே நிற்கிறது.

மீன் எண்ணெய்க்கு அம்மாவைப் போன்றவர்களிடமே நேரடி விடை உண்டு. பிரிட்டனில் இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் தினம் 1 கிராம் கேப்ஸ்யூல் ஏழு வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தது 8.9 சதவீதம், ஆலிவ் எண்ணெய் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களிடம் 9.2 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே பொருள். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மிக அதிகமானால் மருத்துவர் எழுதும் அளவு வேறு, அது மருந்துக் கணக்கு. அசைவம் என்றால் வாரம் இரண்டு முறை மத்தி மீன் குழம்பு வையுங்கள்.

பயோட்டினைத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்கிறேன். ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம். முடி மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கும். குறை இல்லாதவருக்கு இதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே பசைபோல வைத்து ஹார்மோன்களை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் கணக்கு தலைகீழாகும்: தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக ஏறியும் காட்டி, இல்லாத தைராய்டு நோய்க்கு மாத்திரை தொடங்கிவிடுவார்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோப்போனின் பொய்யாகக் குறைந்து வந்த ஒரு மரணத்தைச் சுட்டி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. சர்க்கரை உள்ளவருக்கு நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமலே மாரடைப்பு வரலாம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. நிறுத்தி மூன்று நாள் கழித்துத் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். முடி கொட்டுவதற்குத் தைராய்டும் இரும்புச்சத்துக் குறையும்தான் முதலில் தேட வேண்டியவை. உடலில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள்.

இயற்கை என்பதால் பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். கொரோனா காலத்தில் எதிர்ப்புசக்திக்கு என்று சீந்தில் என்ற மூலிகையைக் குடித்தவர்களில் ஈரல் வீங்கி மருத்துவமனைக்கு வந்த 6 பேரை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். அடுத்து நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து இன்னும் பலர் பதிவானார்கள். டப்பாவில் உள்ள 14 இலக்க உணவு உரிம எண், அது உணவாக விற்க உரிமம் பெற்றது என்று மட்டும் சொல்கிறது, நோயைக் குணமாக்கும் என்று சொல்லவில்லை. அமெரிக்க டப்பாவுக்கும் அப்படித்தான். 1994-இன் சட்டப்படி சந்தைக்கு வரும் முன் பலனை நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆக, செய்ய வேண்டிய வரிசை: பயோட்டின் நிற்கட்டும், மற்ற மூன்றையும் திறக்காமல் வையுங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), கால்சியம், ஈரல் பரிசோதனை, டி.எஸ்.எச்., ஃபெரிட்டின் பார்த்துவிட்டு, அந்த டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். பெயரை வாயால் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது மேல். பி12-ம் டி-யும் தொடங்கட்டும். பிறகு ஏதாவது ஒன்றைச் சேர்க்க மருத்துவர் சம்மதித்தால் ஒரு நேரத்தில் ஒன்று, தொடங்கிய தேதியை எழுதிவைத்து, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்துங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறினாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றே எல்லா மூலிகையையும் நிறுத்திவிட்டு ஈரல் பரிசோதனை செய்ய வேண்டும். அண்ணன் இன்னும் ஏதாவது செய்ய விரும்பினால், மரத்த பாதத்துக்கு ஒரு முழுப் பரிசோதனைக்கும் நல்ல எம்.சி.ஆர். (மென்மையான ரப்பர்) செருப்புக்கும் பணம் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் அம்மா வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இரவு படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் யாராவது ஒருவர் பாருங்கள், புண் இருந்தால் அவருக்குத் தெரியாது.